அத்தை வண்டி

நகக்கண்ணுக்குள் சோப்பு இறங்கும்படி தேய்த்துத் தேய்த்து அவள் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். வார்டு முனையில் இருந்த குழாயில் தண்ணீர் நூல் போல வந்தது. கழுவி, உதறி, விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைக்கு அடியில் மருந்துக் கசப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. மறுபடியும் சோப்பை எடுத்தாள். பின்னால் பாட்டிலோடு காத்து நின்ற ஒரு பெண், "கழுவறீங்களா, தோல உரிக்கறீங்களா? கொஞ்சம் வழி விடுங்கக்கா," என்றாள்.

காலையில் டாக்டர் அவளையும் கணவனையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லியிருந்தார். "இனிமே மூக்குல டியூப் வேண்டாம். மாத்திரை வேண்டாம். வலிக்கு மட்டும் மருந்து ஏறிக்கிட்டிருக்கும். அவனா எதாவது கேட்டா வாயில குடுங்க. கேக்கலன்னா வற்புறுத்தாதீங்க. இன்னிக்குப் பொழுது தாண்டறதே..." கணவன் தலையை ஆட்டினான். அவன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். இனி இது ஓடாது என்று எத்தனையோ பேரிடம் அவனே சொல்லியிருக்கிறான். ஆட்டிய தலையை நிறுத்தத் தெரியாமல் ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போனான்.

டாக்டர் சொன்னதில் அவளுக்கு ஒன்றுதான் காதில் நின்றது. அவனா கேட்டா வாயில குடுங்க. மற்றது புரியாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. ஒரே ஒரு வாய். அவனாக வாயைத் திறந்து, அவள் கையால் வாங்க வேண்டும். அதுவும் நாத்தனார் வந்து சேர்வதற்குள்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே கட்டிலுக்கு வந்தபோது போன் அடித்தது. நாத்தனார்தான்.

"நான் கெளம்பட்டுமா? தம்பி போன் பண்ணான், அழறான், ஒண்ணும் புரியல. க்ளாஸ கேன்சல் பண்ணிட்டு வந்துடறேன்."

கட்டிலில் பிள்ளை கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்பதான் அண்ணி தூங்கறான்," என்றாள் அவள், தூங்குகிற பிள்ளையை நிஜமாகவே எழுப்பிவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தி. "உங்க தம்பியப் பத்தித்தான் தெரியுமே, எல்லாத்துக்கும் பயப்படுவாரு. நீங்க க்ளாஸ முடிச்சிட்டு நிதானமா வாங்க. மத்தியானத்துக்கு மேல வாங்க."

"எதாவது அவசரம்னா கூப்பிடு, என்ன?"

"கூப்பிடறேன் அண்ணி."

"சரிம்மா. நீயும் கொஞ்சம் கண்ணசரு. இப்படியே இருந்தா உன் உடம்பு என்னத்துக்கு ஆகும்."

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தேகப்பட்டு நாலு வார்த்தை வைதிருந்தால்கூடத் தேவலை. போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

பிள்ளையை எல்லோரும் குண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தபோது தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. தூக்குகிறவர்களெல்லாம் கை வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிக் கொஞ்சிய பிள்ளை. வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. புதிதாக வரும் நர்சுகள், "இவனையா குண்டுன்னு கூப்பிடறீங்க?" என்று சிரித்துவிடுவார்கள். பிறகு அவன் விலா எலும்பைப் பார்த்து, சிரித்ததற்காக வெட்கப்பட்டு வேறு வேலை பார்ப்பார்கள்.

அவள் தையல்காரி. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை. எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளவு சொல்லிவிடுவாள். ஆனால் தன் பிள்ளை விஷயத்தில் எடை மிஷினைத்தான் நம்பினாள். ஒவ்வொரு முறை வரும்போதும் எடை அப்படியே இருக்கிறது என்று உணவு ஆலோசகரிடம் பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெண் எடைச் சீட்டைப் பார்க்கவில்லை. ஒரு டேப்பை எடுத்துப் பிள்ளையின் மேல்கையில் சுற்றினாள்.

"வயித்துல இருக்கற கட்டியும் சேந்துதாங்க எடை காட்டுது. கையப் பாருங்க, எலும்பும் தோலுமா இருக்கு. சத்து ஒண்ணுமே இல்ல. இந்த உடம்ப வெச்சிக்கிட்டு அடுத்த ரவுண்டு மருந்து ஏத்தினா தாங்க மாட்டான், தள்ளிப் போட்டுக்கிட்டே போவாங்க. சாப்பாடும் ஒரு மருந்துதான்னு நெனச்சிக்கங்க."

அதே வாரம்தான் அவள் அவனுடைய சட்டைக்கு வயிற்றுப் பக்கம் தையலைப் பிரித்துவிட்டு, கைப் பக்கம் பிடித்துத் தைத்திருந்தாள். தைக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாடும் மருந்துதான் என்றதை அவள் ரொம்பவே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மாத்திரையைக் கொடுத்தால் அவன் துப்பினான். அவனுக்குப் பிடித்தது உருளைக்கிழங்கு வேகவைத்து வெண்ணெய் போட்டு மசித்தது. மாத்திரையைப் பொடியாக்கி அதில் கலந்தாள். முதல் நாள் பாதிக் கிண்ணம் உள்ளே போனது. கெட்டிக்காரத்தனமாகக் காரியம் பார்த்துவிட்டதாக அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம். மறுநாள் முதல் வாயிலேயே அவன் முகம் மாறியது. அதன் பிறகு அவள் எதை நீட்டினாலும் முதலில் கையை மோந்து பார்த்தான். மோந்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொள்வான். கிழங்கு போயிற்று, பிறகு பால், பிறகு ரொட்டி. "உணவுல மட்டும் மருந்து கலந்துடாதீங்க, அப்பறம் உணவையே வெறுத்துடுவாங்க," என்று ஆலோசகப் பெண் சொன்னபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெஞ்சினாள், மிரட்டினாள், மூக்கைப் பிடித்து ஊட்டினாள். "ஒரு வாய்டா, ஒரே ஒரு வாய்," என்பாள். அந்த ஒரு வாய் ஒருநாளும் ஒன்றோடு நின்றதில்லை. அவன் வாந்தி எடுப்பான். துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டுவாள்.

அப்போதுதான் நாத்தனார் வந்தாள். கணவனுக்கு மூத்தவள், டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். அவள் சிரித்தால் அடுத்த வார்டு வரைக்கும் கேட்கும். வந்ததும் கிண்ணத்தை எடுத்துக் கட்டிலில் சம்மணம் போட்டுத் தானே சாப்பிட ஆரம்பித்தாள். பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அவன், "எனக்கு?" என்றான்.

"ஒனக்கா? இது எங்க ஸ்கூல் வண்டி. எனக்கு ஓட்டவே தெரியாது, இன்னிக்குத்தான் பழகறேன். நீதான் மாஸ்டர். மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், தெரியுமில்ல? நீ பிரேக்னா வண்டி நிக்கும். ரைட்னா போகும்."

கரண்டி கிளம்பியது. உதட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அவன், "பிரேக்!" என்று கத்தினான். கரண்டி நின்றது, அந்தரத்தில். நாத்தனார் உதட்டைக் குவித்து, இஞ்சின் ஓடுகிற மாதிரி மெல்ல உறுமிக்கொண்டே காத்திருந்தாள். கையை முன்னால் ஒரு இம்மிகூட நகர்த்தவில்லை. அவன் நம்பாமல் திரும்பத் திரும்பப் பிரேக் போட்டுச் சோதித்தான். ஒவ்வொரு முறையும் நின்றது. கடைசியில் அவனே சலித்துப்போய், "ரைட்," என்று வாயைத் திறந்தான்.

அடுத்த முறை டேப்பில் மேல்கை கொஞ்சம் ஏறியிருந்தது. ஆலோசகப் பெண் கைதட்டினாள். "யாருடா ஊட்டறது ஒனக்கு?" "அத்தை." "அப்ப அத்தையே ஊட்டட்டும், மாத்தாதீங்கம்மா." அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நின்றவளுக்கு வயிறு எரிந்தது. தள்ளிப்போன மருந்து மறுபடி ஏறப்போகிறது, பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று ஒரு பக்கம் கண்ணீர் முட்டியது. இன்னொரு பக்கம் அந்தக் கரண்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசலாமா என்றிருந்தது. ஊசி போடும்போது காலை அமுக்கிப் பிடிப்பது அவள். டியூப் சொருகும்போது இரண்டு கையையும் சேர்த்துப் பிடிப்பது அவள். வாந்தி அள்ளுவது அவள். எல்லாம் முடிந்து பிள்ளை ஓய்ந்த பிறகு, தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து வண்டி ஓட்டுவது அவனுடைய அத்தை. பெற்றவள் வில்லி, வந்தவள் தேவதை. இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் காறித் துப்புவார்கள்.

ஒருநாள் நாத்தனார் வரத் தாமதமானபோது அவளே கரண்டியை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, "டுர்ர்ர்... வண்டி வருது, மாஸ்டர்," என்றாள். குரல் அவளுக்கே கூச்சமாக இருந்தது. பிள்ளை அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"அது அத்தை வண்டி. அம்மாவுக்கு லைசென்ஸ் இல்ல."

பக்கத்துக் கட்டில்காரி வாய்விட்டுச் சிரித்தாள். அன்று சாயங்காலம் நாத்தனாரிடம் அதைச் சொல்லியும் சிரித்தாள். நாத்தனார் மட்டும் சிரிக்காமல், "போடா போக்கிரி," என்று அவனை அதட்டியதுதான் அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

பிறகு கட்டி மறுபடியும் வளர்ந்தது. அதற்கு யார் ஊட்டியதும் ஊட்டாததும் காரணமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேல்கை மறுபடி மெலிந்தது. அத்தை வண்டிக்கும் பிரேக்கே அதிகமாகி, ரைட் குறைந்தது. அப்போதும் அவன் அத்தையைத்தான் கேட்டான்.

இப்போது குண்டு மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினான்.

"என்னடா கண்ணு? எதாவது வேணுமா?"

வெகுநேரம் யோசித்தான். யோசிக்கவே அவனுக்கு மூச்சு வாங்கியது. "கிழங்கு," என்றான்.

அவள் ஓடினாள். காலையிலேயே கணவன் வேகவைத்து டப்பாவில் கொண்டுவந்திருந்தான். வார்டுக்குப் பக்கத்துச் சமையல் மேடையில் சூடாக்கி, வெண்ணெய் போட்டு, கட்டி தட்டாமல் மசித்தாள். மாத்திரை படாத புதுக் கரண்டி எடுத்தாள். மறுபடியும் கையைக் கழுவினாள். அவசரத்தில் குழாயை மூடினோமா என்றுகூட நினைவில்லை.

கட்டிலோரம் உட்கார்ந்து கரண்டியை நீட்டினாள். அவன் மூக்கு மெல்ல விடைத்தது. மோந்து பார்க்கிறான்.

"மருந்தா?"

"இல்லடா. சத்தியமா இல்ல. மருந்தெல்லாம் முடிஞ்சு போச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவன் அதை ஏற்றுக்கொண்டதாகத் தோன்றியது. கதவுப் பக்கம் பார்த்தான். "அத்தை எங்க?"

அவளுக்கு உள்ளே சுருக்கென்றது. இப்போதுமா? "வருவாங்க. நீ முதல்ல இத வாங்கிக்க. அம்மா பண்ணது, சூடா இருக்கு, பாரு. வாயத் தெற கண்ணு."

கரண்டி அவன் உதட்டுக்குப் பக்கத்தில் போனது. அவள் மனசுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டாள். உதடு கொஞ்சம் பிரிந்தது. உள்ளே புண்ணும் வறட்சியுமாக நாக்கு தெரிந்தது. இதோ என்று கையை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனாள்.

"பிரேக்," என்றான் குண்டு.

சத்தமே இல்லை, காற்றுதான். ஆனால் தெளிவாகக் கேட்டது. அவள் கை நின்றது. எத்தனையோ தடவை அவன் வேண்டாம் என்றபோது, முகத்தைத் திருப்பியபோது, அழுதபோது நிற்காத கை. அவன் அந்தக் கரண்டியைப் பார்த்தான். நின்றுவிட்டதா என்று பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். உதட்டோரம் இலேசாகக் கோணியது, மாஸ்டருக்குத் திருப்தியான மாதிரி. கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் காத்திருந்தாள். ரைட் என்று சொல்வான். சொன்னதும் போகலாம். இஞ்சின் மாதிரி உறும வேண்டும் என்று நினைவு வந்து உதட்டைக் குவித்தாள், காற்றுதான் வந்தது. வெண்ணெய் கரண்டியில் வெள்ளையாக உறையத் தொடங்கியது. தோள் கடுத்தது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். நர்ஸ் வந்து அவனைத் தொட்டுப் பார்த்து, வெளியே போய் டாக்டரோடு வந்தபோதும், "கையக் கீழ போடுங்கம்மா," என்று இரண்டு முறை சொன்னபோதும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனாருக்குக் கணவன்தான் போன் செய்தான். அவள் அப்போது யாருக்கோ பக்கத்து சீட்டில் பிரேக்கின் மேல் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள், போனை எடுக்கவில்லை. பாடம் முடிந்து பார்த்துவிட்டு வந்து சேர்ந்தபோது பிள்ளையைத் துணியில் சுற்றியிருந்தார்கள். படியேறும்போதே அவள் அழுகை கேட்டது. அவள் சிரிப்பைப் போலவே அதுவும் அடுத்த வார்டு வரை போயிற்று. நர்சுகள் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி தண்ணீர் கொடுத்து, "உங்க கையாலதானே சாப்பிடுவான், பாவி," என்று கூட அழுதாள். ஆலோசகப் பெண்ணும் வந்து அவள் தோளைத்தான் தடவினாள். பெற்றவள் சுவரோரம் காய்ந்த கண்ணோடு நின்றாள். அழுகையிலும் நாத்தனாரே முந்திக்கொண்டாள் என்று பட்டது. இந்த நேரத்தில் இப்படி ஒரு நினைப்பா என்று தன்மேல் அருவருப்பாகவும் இருந்தது. இருந்தும் அந்த நினைப்பு போகவில்லை.

ஓய்ந்தபின் நாத்தனார் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "கடைசியா எதாவது சாப்ட்டானா?"

"சாப்ட்டான்," என்றாள் அவள். "கிழங்கு. என் கையால."

"என்னயக் கேட்டானா?"

"இல்ல."

சொல்லிவிட்டு நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஏதாவது ஒன்று வாட வேண்டும், சுருங்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள். நாத்தனார் அவள் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நல்லது. ஒன் கையால சாப்ட்டானே, அது போதும்மா. எனக்கு அதுதான் உறுத்திக்கிட்டே இருந்திச்சு. நீ எவ்வளவு பாடுபட்ட."

பொய் சொல்லி வாங்கிய அந்த வார்த்தை, அளவு தப்பிய சட்டை மாதிரி உடம்பில் ஏறவில்லை. அவள் கையை உருவிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அக்கம்பக்கத்தவர்கள் வந்து உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் போனார்கள். கணவன் மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். அவள் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் சாய்ந்திருந்தாள். மிஷின் மேல் அவனுடைய நிஜார் இடுப்புப் பிரித்தபடி கிடந்தது. ஊசி அதில் குத்தியபடியே நின்றது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. நாத்தனார்தான். சற்று நேரத்தில் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். வீட்டில் மீந்திருந்தது அதுதான் போலிருக்கிறது. வேகவைத்த கிழங்கை மசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"காலைலேந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கல நீ. ரெண்டு வாய் சாப்பிடு."

"வேணாம் அண்ணி."

"வேணாம்னா விட்டுருவேனா? வாயத் தெற."

கரண்டி வந்தது. பக்கத்தில் வந்ததும், தன்னை அறியாமல், அவள் அந்தக் கையை மோந்து பார்த்தாள். பாத்திரம் தேய்க்கிற சோப்பு. வெண்ணெய். அதற்கு அடியில் ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து ஏறிப்போன ரப்பர் வாடை. வேறொன்றும் இல்லை. இதையா அவன் தினம் தினம் மோந்தான்? இவ்வளவுதானா? மோந்துவிட்டு முகத்தை இழுத்துக்கொண்டபோதுதான், அவன் செய்ததையே தானும் செய்திருப்பது அவளுக்கு உறைத்தது. கரண்டி இன்னும் கொஞ்சம் நெருங்கியது.

"பிரேக்," என்றாள்.

கரண்டி நின்றது.

நாத்தனார் அவளையே பார்த்தாள். கரண்டியைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல அவள் வேறு யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒருவன்தான் சொல்வான், அதுவும் சாப்பாடு வேண்டாதபோதுதான் சொல்வான். அவள் கண் மெல்ல மெல்லப் பெரிதானது. "அவன் ஒங்கிட்ட..." என்று ஆரம்பித்தாள். மறு கையிலிருந்த தட்டை ஓசைப்படாமல் தரையில் வைத்தாள்.

வெளியே படியில் வாரை மாட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. நாத்தனாரின் உதடு பழக்கத்தில் குவிந்தது, சத்தம் வரவில்லை. கரண்டியைக் கீழே இறக்கவும் இல்லை, முன்னால் நகர்த்தவும் இல்லை. முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு அப்படியே பிடித்திருந்தாள்.